குத்தாத காது

நரிக்குடி
08.07.2024

திரு. காளீஸ்வரன் அவர்களுக்கு,

இருளப்பசாமி எழுதிக்கொள்வது. இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. என் வலது கைக்கு அருப்புக்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். அங்கே இருக்கும் சத்யபிரியா டாக்டரம்மா, தினமும் அந்தக் கையால் கொஞ்சமாவது எழுதியே தீர வேண்டும் என்கிறார். "யாருக்கும்மா எழுத?" என்று கேட்டேன். "யாருகிட்ட உங்களுக்குப் பேச நிறைய இருக்கோ அவங்களுக்கு எழுதுங்க" என்றார். யோசித்துப் பார்த்தேன். உங்களைத் திட்டுவதற்குத்தான் நிறைய இருக்கிறது.

திட்ட ஆரம்பிப்பதற்குள் கை எரிகிறது. இன்றைக்கு இவ்வளவுதான்.

பதில் வேண்டாம்.

இருளப்பசாமி


பந்தல்குடி
13.07.2024

மச்சான்,

பதில் வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அதனால்தான் எழுதுகிறேன். திருச்சுழி பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். உன் தங்கச்சியைக் கட்டியவன். எனக்குத் 'திரு'வும் 'அவர்க'ளுமா? தபால்காரர் கடைக்கு வந்து கவரை நீட்டியபோது வரி ஆபீஸிலிருந்து ஏதோ வந்திருக்கிறதென்று பயந்துவிட்டேன்.

நீ திட்டு. அதற்கு முன்னால் என் பக்கத்தையும் கேட்டுவிடு.

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலில் என் மகள் சுகப்பிரியாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்தோம். ஆசாரி வலது காதைக் குத்திவிட்டு இடது பக்கம் திரும்பும்போது பிள்ளை துள்ளினாள். நீ அலறிக்கொண்டு அவளை மடியிலிருந்து தள்ளிவிட்டாய். ஜமுக்காளத்தில் உருண்டவளை நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் சொன்னேன், "கட்டுப் பிரிச்சு ரெண்டு மாசமாச்சு. எலும்பு கூடிருச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னும் என்ன நடிப்பு?" என்று. எந்தத் தகப்பனும் அந்த இடத்தில் அப்படித்தான் பேசியிருப்பான். நீ மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, கிடா விருந்தில் கை நனைக்காமல் உன் சம்சாரம் கருத்தம்மா அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது நிலவரம் என்ன தெரியுமா? என் மகள் ஒரு காதில் தோட்டோடு திரிகிறாள். இன்னொரு காதைக் குத்திவிடலாம் என்றால் உன் தங்கச்சி செல்வி, "எங்கண்ணன் மடியில வச்சுத்தான் குத்தணும். இல்லாட்டி கெடக்கட்டும்" என்கிறாள். கடைக்குத் தார்ப்பாய் தைக்க வருகிற லாரி டிரைவர்கள்கூட, "என்னண்ணே, ஒரு தோடு தொலஞ்சு போச்சா?" என்று கேட்கிறார்கள். தூத்துக்குடி ரோட்டில் போகிற வருகிற லோடு லாரிக்கெல்லாம் இந்தக் கதை தெரியும்.

இப்போது திட்டு.

காளீஸ்வரன்


நரிக்குடி
24.07.2024

காளீஸ்வரன் அவர்களுக்கு,

'நடிப்பு' என்று வாயால் சொன்னது போதாதென்று எழுத்திலும் எழுதிவிட்டீர்கள். இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பொறுக்க வேண்டாம்.

போன ஐப்பசியில் கண்மாய்க் கரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது, உங்களுக்குத் தெரியும். மாவுக்கட்டுப் பிரித்த பிறகுதான் இது வந்தது. கை பளபளவென்று வீங்கியிருக்கும். சில நேரம் நெருப்பாகச் சுடும், சில நேரம் ஐஸ் மாதிரி இருக்கும். இடது கை காய்ந்து கிடக்கும்போது வலது கையில் மட்டும் வேர்வை சொட்டும். ஃபேன் காற்று பட்டாலே மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி எரியும். போர்வை நுனி பட்டால் தூக்கம் போச்சு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ஊரில் ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். மதுரைக்குப் போனேன், மாத்திரை கொடுத்தார்கள். "இது நரம்போட வலி, பிசியோதெரபிதான் முக்கியம்" என்று அங்கே சொல்லித்தான் அருப்புக்கோட்டைக்கு வந்தேன்.

சத்யபிரியா டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "வீட்டுக்குத் திருடன் வந்தான், போயிட்டான். நாய் மட்டும் இன்னும் குரைக்கிறத நிறுத்தல. குரைக்கிறது நெசம். ஆனா திருடன் இல்ல. நாய அடிச்சா அடங்காது. மெதுவாப் பழக்கணும்." எத்தனையோ பேரிடம் காட்டியிருக்கிறேன். வலி நெசம் என்று முதலில் சொன்னது இவர்தான். அன்றைக்கு பஸ்ஸில் திருச்சுழி வரும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் படம் காட்டினார். கைகளின் படம். இது இடதா வலதா என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளை சொல்லிவிடும். நான் திணறினேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. இப்படித்தான் எல்லாருக்கும் இருக்கும் என்றார். பிறகு கண்ணாடி. வீட்டில் கட்டிலில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, வலிக்கிற கையை அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, நல்ல கையை முன்னால் வைத்து ஆட்ட வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் வலது கை ஆடுகிற மாதிரித் தெரியும். கருத்தம்மாள் வாசலில் நின்று, "இம்புட்டு வயசுக்கு மேல கண்ணாடியே கதின்னு உக்காந்துட்டீகளே" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடிக்குள் என் வலது கை விரல்களை மடக்கி நீட்டியது. வலியில்லாமல். அது பொய் என்று தெரியும். தெரிந்தும் மறுபடி மறுபடி மடக்கி நீட்டிப் பார்த்தேன்.

உங்கள் மகளின் தலை இந்தக் கையில் இடித்தபோது, தணலுக்குள் கையை விட்ட மாதிரி இருந்தது. நான் தள்ளவில்லை. கை தானாகப் போய்விட்டது. பிள்ளை உருண்டதை நான் பார்க்கவே இல்லை. எனக்குக் கண் இருண்டுவிட்டது. இதைச் சொல்லத்தான் இந்த நான்கு நாள்.

இருளப்பசாமி


பந்தல்குடி
09.08.2024

மச்சான்,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. பிரிப்பதற்கு முன்னால் இதைப் படி.

உன் கடிதத்தை உன் தங்கச்சி என்னிடம் கொடுக்காமல் முதலில் அவளே படித்தாள். படித்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் போனவள் நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். எனக்கு மனசு ஒரு பக்கமாக நிற்கவில்லை. நீ எழுதியதை நம்புகிறேன் என்று பாதி சொல்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் எப்படி வலி போகும் என்று மீதி சொல்கிறது. நான் வியாபாரி. சரக்கைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கிப் பழக்கமில்லை. திங்கட்கிழமை தார்ப்பாய்த் துணி எடுக்க அருப்புக்கோட்டைக்குப் போனவன், நேராக உன் டாக்டரம்மாவிடம் போய் நின்றுவிட்டேன்.

"இருளப்பசாமியோட தங்கச்சி மாப்பிள்ளை நான். அவரு கை எப்படி இருக்கு?" என்றேன்.

"அவர் உடம்பப் பத்தி அவரக் கேக்காம உங்ககிட்டப் பேச மாட்டேன். பொதுவா ஏதாச்சும் கேளுங்க, சொல்றேன்" என்றார். வயசு சின்னது. பேச்சு அப்படி இல்லை.

"சரிம்மா, பொதுவாவே கேக்குறேன். இந்த மாதிரி வலியில ஆளுக நடிக்கிறது உண்டா?"

"வலிய அளக்க எங்ககிட்ட மெஷின் கிடையாதுங்க. வலிக்குதுன்னு அவங்க சொல்றதுதான் அளவு. ஆனா ஒண்ணு. வீக்கத்தையும் வேர்வையையும் யாராலயும் நடிக்க முடியாது."

எழுந்திருக்கப் போனேன். என்ன தொழில் என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நல்லதாப் போச்சு. மெதுவான துணியில ஆரம்பிச்சு முரட்டுத் துணி வரைக்கும் துண்டு துண்டா வெட்டித் தர முடியுமா? இந்த வலி உள்ள எல்லாருக்குமே அது தேவைப்படும்" என்றார். தோலுக்குத் தொடுகையை மறுபடியும் பழக்குவதற்காம்.

பார்சலில் இருப்பது அதுதான். மேலே இருப்பது பட்டு, அதற்குக் கீழே மல், அப்புறம் பாலியஸ்டர், துண்டு, சாக்கு, கடைசியில் லாரித் தார்ப்பாய். ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருக்கிறேன், நூல் குத்தாது. தார்ப்பாய் உனக்கு இப்போது வேண்டாம். அது கடைசியில்தான் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்.

காளீஸ்வரன்


நரிக்குடி
20.08.2024

ஏலே காளீஸ்வரா,

துப்புத் துலக்கவா போனாய்? நான் போய் உட்கார்ந்ததும் டாக்டரம்மா முதல் வார்த்தையாக, "உங்க மாப்பிள்ளை வந்திருந்தாரு. உங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல" என்றார். அங்கே வைத்தியத்துக்கு வந்திருந்த நாலு பேர் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? இவ்வளவு வருஷப் பழக்கத்தில் என் வார்த்தைக்கு உன்னிடம் மதிப்பு அவ்வளவுதான்.

இரண்டு நாள் பார்சலைத் தொடவில்லை. கருத்தம்மாள்தான் பிரித்தாள். பட்டுத் துண்டைப் பார்த்ததும், "இது செல்வி கல்யாணச் சட்டைல மிஞ்சின துணில்ல" என்றாள். அவளுக்கு இதெல்லாம் எப்படித்தான் ஞாபகம் இருக்குமோ. ஊதாவில் பச்சைக் கோடு. நான்தான் அருப்புக்கோட்டையில் எடுத்துக் கொடுத்தேன்.

பட்டில் ஆரம்பித்தேன். முதலில் வலியில்லாத முழங்கையில் தேய்த்து, அங்கிருந்து மெல்ல மணிக்கட்டுக்கு வர வேண்டும். கண்ணால் பார்த்துக்கொண்டே, இது துணி, இது துணி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். முதல் நாள் பல்லைக் கடித்தேன். இப்போது பட்டு பழகிவிட்டது. மல் துணியும் பரவாயில்லை. உன் பாலியஸ்டர் இருக்கிறதே, அதைத் தயாரித்தவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கோபம் போகவில்லை. இதை அதற்காக எழுதவில்லை. தையல் நன்றாக இருந்தது, அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இருளப்பன்


பந்தல்குடி
12.09.2024

மச்சான்,

'ஏலே' என்று எழுதியிருந்தாய். கடையில் வைத்து சத்தமாகப் படித்தேன். தையல் மெஷினில் இருந்த ராஜகுரு, "என்னண்ணே, திட்டுக்குச் சிரிக்கிறீக" என்றான்.

பாலியஸ்டருக்குப் பதில் வேறொன்று அனுப்புகிறேன். அதையும் ஓரம் அடித்திருக்கிறேன்.

சுகா இப்போது நன்றாக நடக்கிறாள். ரோட்டில் லாரி போனால் கையாட்டுகிறாள். உன் போட்டோவைக் காட்டி, "இது யாரு?" என்று உன் தங்கச்சி கேட்டால், "மாமா, ஊ" என்கிறாள். ஊ என்றால் அவள் பாஷையில் புண். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதே.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வருகிற மாசிக்குள் கை தேறிவிடுமா? செல்வி கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன்.

காளி


நரிக்குடி
14.10.2024

மாப்பிள்ளை,

கை தேறிக்கொண்டிருக்கிறது. துண்டு தாண்டி சாக்குக்கு வந்துவிட்டேன். தரையை பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார் டாக்டரம்மா. கையை ஊன்றி, பாரத்தைக் கொடுத்துத் தேய்க்க வேண்டும். அப்புறம் பையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றித் தூக்கி நடக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தரை இத்தனை சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. கருத்தம்மாள் இந்த வைத்தியத்தை முழுசாக நம்பிவிட்டாள்.

மாசிக்குள் தேறுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தேதி வச்சு வைத்தியம் பாக்காதீங்க. வலி முழுசாப் போறதுக்குக் காத்துக்கிட்டு இருக்காதீங்க. வலி இருக்கும்போதே கையப் பொழக்கத்துக்குக் கொண்டு வரணும். ஒரே நாள்ல எல்லாத்தையும் செஞ்சிராம, அளவாச் செய்யணும்" என்றார். அளவு, அளவு என்று அவர் வாயில் வேறு வார்த்தையே வராது.

ஆனால் முந்தாநாள் இரண்டு உழவு மழை பெய்துவிட்டது. கரிசல் நனைந்து கிடக்கிறது. மிளகாய் நாற்றுக்குப் பாத்தி கட்டியாகிவிட்டது. போன வருஷம் கையைக் கட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து ஆள் விட்டுப் பார்த்தேன். இந்த வருஷம் முடியாது. நேற்று உர மூட்டையை டிராக்டரிலிருந்து நானே இறக்கினேன். இறக்கிப் பார்த்துவிட்டு எனக்கே ஆச்சரியம். பழைய இருளப்பன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்.

இனிமேல் நடவு முடியும் வரை எழுத நேரம் இருக்காது.

இருளப்பன்


பந்தல்குடி
06.11.2024

மச்சான்,

தீபாவளிக்கு ஒரு வரி போட்டேன். பதில் இல்லை. நடவு வேலை என்று விட்டுவிட்டேன். நேற்று உன் தங்கச்சி கருத்தம்மா அக்காவிடம் போனில் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. மூட்டை இறக்கிய மறுநாளே கை வீங்கிவிட்டதாம். பழையபடி ஃபேன் போட விடவில்லையாம். அருப்புக்கோட்டைக்குப் போவதை நிறுத்திவிட்டாயாம். கண்ணாடியைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டாயாம். நாற்று வாடுகிறதாம், நடவுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். இதையெல்லாம் என்னிடம் எழுத உனக்குக் கை வரவில்லை.

அக்கா சொன்னது இன்னொன்றும் இருக்கிறது. "அவன் அன்னைக்குச் சொன்னது சரிதான், எனக்கே இப்ப நடிக்கிற மாதிரிதான் இருக்கு" என்று நீ சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரேன். செல்வியும் பிள்ளையும் வருகிறார்கள். கடையை ராஜகுரு பார்த்துக்கொள்வான். வாசலில் நிறுத்தினாலும் வருவேன்.

காளி


நரிக்குடி
02.12.2024

மாப்பிள்ளை,

நீங்கள் ஊருக்குப் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. நேற்றுதான் மிளகாய்க்காட்டைச் சுற்றி வந்தேன். நீ நட்ட வரிசையைப் பார்த்து ஊரே நின்று போகிறது. பாம்பு போன தடம் மாதிரி இருக்கிறது. வரப்பில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினேன், "ஏலே, கயிறப் பாத்து நடு" என்று. தார்ப்பாயில் மட்டும் எப்படி நேராகத் தைக்கிறாய்? அக்கம்பக்கத்தில் கேட்டால், "மாப்பிள்ளை நட்டது, மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிச் சமாளிக்கிறேன். எப்படியோ, செடி எல்லாம் பிடித்துவிட்டது. ஒன்றுகூட வாடவில்லை.

அன்றைக்கு நீ வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று நினைத்தேன். கேட்டால் என்ன சொல்வது என்று பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். நீ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நாத்து எங்க இருக்கு?" என்று கேட்டாய். நான் யோசித்து வைத்தது எதற்கும் ஆகவில்லை. நீயும் செல்வியும் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டபோது கருத்தம்மாள் முகத்தைப் பார்த்தாயா? ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தாள்.

நீ என்னை வண்டியில் ஏற்றி அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. தனியாக இருந்தால் போயிருக்க மாட்டேன். டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையைப் பார்த்துவிட்டு, "பாதிப் பேருக்கு மேல ஒரு தடவையாச்சும் இப்படிப் பண்ணுவாங்க. ஏறின மரத்துல ரெண்டு கிளை இறங்கியிருக்கீங்க. கீழ விழல" என்றார். நீ குறுக்கே புகுந்து, "மூட்டை தூக்குனாரும்மா" என்று கோள் சொன்னாய். பள்ளிக்கூடத்திலும் நீ இப்படித்தான்.

மறுபடியும் பட்டில் இருந்து ஆரம்பித்திருக்கிறேன். இந்தத் தடவை சீக்கிரம் மேலே ஏறுகிறது.

நீ கிளம்பின பிறகு நான் மட்டும் ஒரு தடவை போனபோது அவரிடம் காதுகுத்து விஷயத்தைச் சொன்னேன். ஒரு காதோடு நிற்கிற பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அப்ப அதுக்கே பழகுவோம். கனமா இருக்கணும், கத்தணும், உதைக்கணும். உங்க வீட்டுல அப்படி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. போன மாதம் போட்ட வெள்ளாட்டுக்குட்டி. சாயங்காலம் ஆனால் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்காருகிறேன். முதலில் மடியில் சாக்கை விரித்து, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு. கொஞ்ச நேரம்தான். வலி கூடுவதற்கு முன்னால் இறக்கிவிட வேண்டும், வலித்த பிறகு இல்லை. அதுதான் அளவு என்று இப்போதுதான் எனக்குப் புரிந்திருக்கிறது. குட்டி உதைக்கிற உதையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. ஆனால் கை அதை விடவில்லை.

இருளப்பன்


பந்தல்குடி
20.01.2025

மச்சான்,

பொங்கலுக்கு நீங்கள் வந்து போனதிலிருந்து வீட்டில் உன் பேச்சுத்தான். நீ வலது கையால் சாப்பிட்டதை உன் தங்கச்சி எல்லோரிடமும் சொல்கிறாள், என்னவோ உலகத்தில் நீதான் முதலில் சோறு தின்ற மாதிரி.

மாசி சிவராத்திரிக்குக் கோயிலில் சொல்லிவிட்டேன். அதே ஆசாரிதான். "போன வருசம் விட்டுப்போன காதா? வாரேன்" என்றார். இந்தத் தடவை ஊரைக் கூட்டவில்லை. நம் இரண்டு வீடு மட்டும்.

உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை விழுவாள் என்று இல்லை. அவள் இப்போது விழுந்து விழுந்து எழுந்திருக்கிற பிள்ளை. உனக்கு மறுபடியும் பழையபடி ஆகிவிடுமோ என்றுதான். முடியாது என்று தோன்றினால் அன்றைக்குக் காலையில்கூடச் சொல். உன் மடியில் அவள் உட்கார்ந்தால் போதும், கையை நான் பிடித்துக்கொள்கிறேன். இதை எந்த சாஸ்திரமும் தடுக்காது. தடுத்தால் சாஸ்திரத்திடம் நான் பேசிக்கொள்கிறேன்.

காளி


நரிக்குடி
03.03.2025

மாப்பிள்ளை,

பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவனுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ பார்த்தது வெளியே நடந்ததை. உள்ளே என்ன நடந்தது என்று உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

காலையில் கோயில் கிணற்றில் குளித்துவிட்டு வந்தபோதே கை ஜில்லென்று ஆகிவிட்டது. பயத்துக்கு அப்படித்தான் ஆகும். யாருக்கும் தெரியாமல் கோயில் பின்னால் போய் உட்கார்ந்து, விரல்களை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். கருத்தம்மாள் மட்டும் வந்து பார்த்தாள். "வேணாம்னா சொல்லிருவோம்" என்றாள். "இரு" என்றேன்.

சுகா மடியில் உட்காருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆசாரியைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். போன வருஷம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்த வருஷம் எல்லாம் தெரியும். குதிகாலால் என் தொடையில் உதைத்தாள். உடம்பை வில்லாக வளைத்தாள். தலை வந்து சரியாக மணிக்கட்டில் இடித்தது.

வலித்தது மாப்பிள்ளை. இல்லையென்று சொல்ல மாட்டேன். தோள்பட்டை வரைக்கும் பாய்ந்தது. போன வருஷம் அந்த இடத்தில் எனக்கு எல்லாமே மறைந்துவிட்டது. இந்த வருஷம் வலியும் இருந்தது, பிள்ளையும் இருந்தாள். அவள் தலையில் தேய்த்திருந்த எண்ணெய் வாசம் தெரிந்தது. "அண்ணே, பாத்து" என்று செல்வி சொன்னது கேட்டது. ஆசாரி, "முடிஞ்சிருச்சு தாயி, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே திருகாணியைத் திருகினார். நான் இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்தேன். எந்தக் கையில் வலி என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற மாதிரி இருந்தது.

நீ எனக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் ஏந்தி வைத்திருந்தாய். பிள்ளை விழுந்தால் பிடிக்கத்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் உன் கண்ணைப் பார்த்தேன். அது பிள்ளை மேல் இல்லை. என் கை மேல் இருந்தது.

வேனில் திரும்பும்போது சுகா அழுது ஓய்ந்து என் வலது கையிலேயே தூங்கிவிட்டாள். திருச்சுழி தாண்டும்போது கை கனக்க ஆரம்பித்தது. கருத்தம்மாள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். வேண்டாமென்று தலையாட்டினேன். நெருப்பு இல்லை அது. தூங்குகிற பிள்ளையின் கனம். அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் வீக்கம் கொஞ்சம் இருந்தது. பயப்படவில்லை. துணி, கண்ணாடி, பிரஷ் என்று குறைத்துச் செய்தேன். இன்றைக்கு இவ்வளவு எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். போட்டோவைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தது பிள்ளையின் காதை இல்லை, நான் விரல் மடக்கியிருந்த விதத்தை. "நல்லாப் பிடிச்சிருக்கீங்க" என்றார். வலி முழுசாகப் போகுமா என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் மிளகாய்ப் பழம் எடுக்க ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு ஒரு வரிசை" என்றார். நீ நட்ட வரிசையில் ஒன்றைக் கொடுத்தால் அது இரண்டு வரிசைக்குச் சமம் என்று சொல்லியிருக்கிறேன்.

கிடா விருந்தில் இரண்டாவது தடவை சோறு வாங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இருளப்பன்


பந்தல்குடி
19.03.2025

மச்சான்,

உன் கடிதத்தை ராஜகுருவுக்குக்கூட வாசித்துக் காட்டவில்லை. பெட்டியில் வைத்திருக்கிறேன்.

போனில் சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். பிறகு, எழுதினால் நீ பதில் எழுதுவாய், கைக்கு நல்லது என்று வைத்துவிட்டேன். நீ வந்தால்தான் சொல்ல வேண்டும் என்று செல்வி சொல்லியிருக்கிறாள். அவளிடம் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் தங்கச்சி முழுகாமல் இருக்கிறாள். ஐப்பசியில் பிறக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு காது வருகிறது. இந்தத் தடவை இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும்.

காளி